எதுவும் வேண்டாத அத்தை

வர்ணிகாவின் கட்டுரையிலிருந்து கிளம்பிய சிந்தாமணி அத்தை, திருச்செங்கோடு போகும் டவுன் பஸ்ஸில் வந்து, கையில் மஞ்சள் குடையோடு எவர்கிரீன் எலைட் நகரின் வாசலில் இறங்கியபோது அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவது விவரம் தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்று அந்த நகரில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "எந்த ஊட்டுக்குங்க?" என்று வாட்ச்மேன் கேட்டான், "ரிக் வண்டி ரத்தினசாமி ஊட்டுக்கு, நான் அவனுக்கு அக்கா" என்று அத்தை சொன்னாள், அவன் கேட்டைத் திறந்துவிட்டான். ரத்தினசாமிக்கு அக்கா கிடையாது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். ஆனால் காரில் வராமல் பஸ்ஸில் வருகிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டுக்கும் உண்டு, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கோழிப்பண்ணையில் சம்பாதித்தவர்களும், ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற ரிக் வண்டி அனுப்பி பூமியைத் துளைபோட்டுச் சம்பாதித்தவர்களும், அந்த இரண்டு பேருடைய பிள்ளைகளையும் டாக்டராக்கித் தருவதாகச் சொல்லிச் சம்பாதித்தவர்களும் சேர்ந்து நாமக்கல்லுக்கு வெளியே கட்டிக்கொண்ட நகர் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு ஏசி அறை, அந்த அறைக்கு ஒரு பூட்டு. அப்பனும் ஒற்றைப் பிள்ளை, அம்மாவும் ஒற்றைப் பிள்ளை என்பதால் சித்தப்பாவும் கிடையாது, பெரியம்மாவும் கிடையாது, அத்தை என்பது பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு படம். காடு தோட்டத்தைப் பங்கு போடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று பெரியவர்கள் திருப்தியாக இருந்தார்கள்.

நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து அங்கே வாடகைக்கு இருந்தேன். பாதிப் படிப்பைத் தமிழிலும் மீதியை இங்கிலீஷிலும் படித்தவள் என்று தெரிந்ததும், என் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கிரியேட்டிவ் ரைட்டிங் வகுப்பு நடத்த வேண்டும் என்று அவர்களாகவே தீர்மானித்தார்கள். அபாகஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் சும்மா கிடந்ததுதான் காரணம். ரத்தினசாமியின் மனைவி பூங்கோதை முதல் நாளே வந்து கேட்டாள்.

"கற்பனை எல்லாம் எத்தனை மாசத்துல முடிச்சுக் குடுப்பீங்க மிஸ்?"

"அது முடியாதுங்க."

"அப்ப சர்டிபிகேட்டு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளிடம் சொன்னேன்: உங்களுக்கு இல்லாத ஒரு சொந்தக்காரரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இல்லாதவரைப் பற்றி எழுதினால் தப்பு என்று எப்படிப் போடுவீர்கள் என்று ஒரு பையன் கேட்டான்; போட முடியாது என்றேன்; அப்படியென்றால் இது எதற்கு என்று அவன் முகம் கேட்டது. ஆனால் பூங்கோதையின் மகள், ஏழாவது படிக்கிற வர்ணிகா அங்கேயே குனிந்து எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதியது இவ்வளவுதான்:

என் அத்தையின் பெயர் சிந்தாமணி. மழை இல்லாத நாளிலும் அவள் குடை நனைந்திருக்கும். அவள் செருப்பில் ஒரு வார் சிவப்பு, இன்னொரு வார் நீலம். அவள் பக்கத்தில் வந்தால் ரப்பர் வைத்து அழித்த வாசனை வரும். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும்.

மீதியை வீட்டில் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். வீட்டில் பூங்கோதை அதைப் படித்தாள். "என்னடி இது, செருப்பு, குடை, விசிலுன்னு. அன்பையுங் காணோம் பண்பையுங் காணோம். இதுக்கு எவ மார்க்குப் போடுவா?" என்று கட்டுரைக் கைடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்: அவர் அன்பும் பண்பும் நிறைந்தவர். எப்போதும் புன்னகையோடு இருப்பார். கோபமே படமாட்டார். அனைவருக்கும் ஓடி ஓடி உதவுவார். தன்னலமற்றவர். இப்படிப்பட்ட அத்தையைப் பெற்றது நான் செய்த பாக்கியம். முற்றும்.

இந்த வட்டாரத்தில் கட்டுரை எழுதுவது இப்படித்தான். பிள்ளை ஆரம்பிக்கும், அம்மா முடித்துவைப்பாள். நான் அந்தத் தாளை வாங்கிப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில், "அத்தைக்கு என்ன வேண்டும்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கதைக்குள் வருகிற ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்க வேண்டும், ஒரு டம்ளர் தண்ணியாவது வேண்டியிருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்து ஒரு வரி சேர்க்கிறேன் என்று வர்ணிகா சொன்னாள். அந்த வரி எழுதப்படுவதற்கு முன்பே அத்தை பஸ் ஏறிவிட்டாள்.

குடை நனைந்திருந்தது, வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். செருப்பில் ஒரு வார் சிவப்பு, ஒரு வார் நீலம். வாசலில் நின்று அவள் ஒரு விசிலடித்ததும் வர்ணிகா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ரத்தினசாமி வந்தவளை மேலும் கீழும் பார்த்தார். அன்பும் பண்பும் நிறைந்திருந்தது, புன்னகை இருந்தது, கையில் பத்திரம் எதுவும் இல்லை. "அக்கான்னா அக்காதான். உள்ள வாங்க" என்றார். பூங்கோதை கேட்டது ஒன்றே ஒன்று.

"சமைப்பீங்களா?"

"சமைப்பேன் கண்ணு."

அன்று மத்தியானமே அவர்கள் வீட்டுச் சமையல்காரி நின்றுவிட்டாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கும் அத்தைதான் சமைத்தாள், அதற்கடுத்த வாரம் எதிர் வரிசைக்கும். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவதும், பொங்கலுக்கு முறுக்குச் சுடுவதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற மாமனார்களைப் புரட்டிப் படுக்கவைப்பதும், தீட்டு நாளில் பூஜை அறையைத் துடைப்பதும், சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையாட்டுவதும் அத்தைதான். அடுப்பிலிருந்து தொட்டிலுக்கும் தொட்டிலிலிருந்து துணி காய்கிற மொட்டை மாடிக்கும் மொட்டை மாடியிலிருந்து மறுபடி அடுப்புக்கும் அவள் ஓடினாள். ஓடி ஓடி உதவுவார் என்று எழுதியிருந்ததால் அவளுக்கு நடக்க வராது. விடிந்ததிலிருந்து பால்கனி பால்கனியாக அவளைக் கூப்பிடுகிற சத்தம்தான் நகர் முழுவதும் கேட்கும். யக்கோவ், சிந்தாமணியக்கோவ், கொஞ்சம் இக்கட்ட வந்துட்டுப் போங்க. கிழக்கே கூப்பிட்டால் கிழக்கே ஓடுவாள், பாதி வழியில் மேற்கே கூப்பிட்டால் திரும்புவாள், முகத்தில் அந்தப் புன்னகை மட்டும் ஆணியடித்தது போல் அசையாமல் இருக்கும். சாப்பிடு என்று யாராவது சொன்னால் சாப்பிடுவாள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, வர்ணிகாவைத் தவிர.

கல்யாணங்களில்தான் அவள் பெருமை ஊரெல்லாம் பரவியது. இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு முறை உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் கூடையைத் தாங்கி நிற்க வேண்டும், அவன் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, உன் உரிமையை மறக்கமாட்டேன் என்று சபையறியச் சொன்னது மாதிரி அந்தச் சடங்கு. ஒற்றைப் பிள்ளைகளின் நகரில் கூடப்பிறந்தவளுக்கு எங்கே போவது? இத்தனை நாளும் இரண்டுவிட்ட, மூன்றுவிட்ட முறைக்காரிகளைக் கெஞ்சிக் கூட்டிவந்து, அவர்கள் சேலையின் கரையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லா மாப்பிள்ளைக்கும் சிந்தாமணிதான் அக்கா. கூடையை ஏந்தி நிற்பாள், சேலையை வாங்குவாள், மண்டபத்துக்குப் பின்னால் போய் அதை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரே சேலை பல கல்யாணம் கண்டது. "இப்படியொரு கூடப்பொறப்பு யாருக்கு வாய்க்கும்" என்று அந்த ஆண்கள் கண் கலங்கினார்கள், மனதாரத்தான் கலங்கினார்கள்.

பிறகு மற்ற வீட்டாருக்குப் பொறாமை வந்தது, ரத்தினசாமி வீட்டுக்கு மட்டும் சொந்தமாக ஓர் ஆள் வந்தது என்ன நியாயம் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஹாலில் பிள்ளைகள் முன்னால் உட்கார, அம்மாக்கள் கைடோடு பின்னால் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பையனின் காதில் அமெரிக்கா மாமா என்றாள், ஒருத்தி கலெக்டர் பெரியப்பா என்றாள். கோழிப்பண்ணை தங்கமுத்துவின் மனைவி, வீட்டோடு இருக்கிற, காசு கேட்காத, பல் விளக்கிவிடுகிற ஆயாவைப் பற்றித் தானே எழுதி, பையனை அதன் கீழே பேர் மட்டும் எழுதச் சொன்னாள். எல்லாத் தாளிலும் ஒரே அன்பு, ஒரே பண்பு, எல்லோரும் ஓடி ஓடி உதவினார்கள். ஒருவரும் வரவில்லை. கலெக்டர் பெரியப்பா மட்டும் ஒரு நாள் காலை கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை இருந்தது, ஒழுக்கம் இருந்தது, கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எந்த வீட்டுக்கு என்று கேட்டதற்கு, நேர்மையே என் மூச்சு என்றார். வெயில் ஏற ஏற வெளிறி, பத்து மணி ஆவதற்குள் சட்டை மட்டும் தரையில் கிடந்தது. வாட்ச்மேன் அதை எடுத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் ரத்தினசாமிக்கு அந்தத் தாளின் அருமை புரிந்தது. அவர் நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இந்த ஊரில் அருமையான தாள் எது கிடைத்தாலும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார், கொண்டுபோய் லேமினேட் பண்ணிவிட்டார். வர்ணிகாவின் கையெழுத்தும், கைடின் அன்பும் பண்பும், ஓரத்தில் என்னுடைய சிவப்புக் கேள்வியும் பிளாஸ்டிக்குக்குள் போயின. சங்க அலுவலகத்தில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்தார்கள். அத்தைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியைப் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். கேள்வி கேட்டவள் நான் என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

வர்ணிகா மட்டும் அந்தக் கேள்வியை விடவில்லை. அத்தையிடமே கேட்டாள்.

"உனக்கு என்ன வேணும் அத்தை?"

"எனக்கென்ன கண்ணு வேணும். ஒண்ணும் வேண்டாம்."

"பொய் சொல்லாத. எல்லாருக்கும் ஏதாச்சும் வேணும்னு மிஸ் சொன்னாங்க."

"மிஸ்ஸுக்கு ஏதாச்சும் வேணும்னா சொல்லச் சொல்லு, செஞ்சு குடுத்தர்றேன்."

அத்தைக்கு ஓய்வு என்று ஒன்று கிடைத்தால் அது ஸ்கூல் வேன் வந்து சேருகிற நேரம். அப்போது கேட்டுப் பக்கம் நின்று வர்ணிகாவுக்கு விசில் சொல்லிக்கொடுப்பாள். உதட்டைக் குவி, நாக்கை மடக்கு, ஊது. வர்ணிகாவுக்குக் காற்றுதான் வரும். "பொம்பளப் புள்ளைக்கு என்ன விசிலு" என்று யாராவது பால்கனியிலிருந்து சொல்வார்கள், உடனே அத்தையையும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எதிர் வரிசை வீட்டு மருமகளின் வளைகாப்புக்குச் சங்கக் கூடத்தில் அதிரசம் சுட்ட அன்றுதான் அது நடந்தது. அத்தை ஒருத்தியே மாவு தட்டி, ஒருத்தியே போட்டு, ஒருத்தியே எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் யக்கோவ் என்று சத்தம் வந்தது, அத்தை மூன்று பக்கமும் திரும்ப முயன்றாள், எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. தோல் பார்க்கப் பார்க்க உப்பிக்கொண்டு வந்தது. அத்தை சிரித்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையாலேயே கரண்டியை எடுத்தாள். கூடத்திலிருந்த பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். "என்ன பொறுமை பாருங்க. நமக்கெல்லாம் வருமா" என்றாள் பூங்கோதை. ஒருத்தி அதை வீடியோவாக எடுத்துப் பொறுமை என்று தலைப்புப் போட்டுக் குரூப்பில் அனுப்பினாள், எல்லோரும் கும்பிடு போட்டார்கள்.

வர்ணிகா நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கோபத்தில் அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

"கை நடுங்குது மிஸ். மூஞ்சி சிரிக்குது. அந்தச் சிரிப்பு நான் எழுதினது இல்ல, அம்மா சொன்னது."

"தெரியும்."

"நான் அந்த வரியை எழுதோணும். அவளுக்கு ஏதாச்சும் வேணும்னு. வேணும்னா அப்புறம் சும்மா சிரிச்சுட்டு நிக்க முடியாதுல்ல?"

"முடியாது. கடைசியாக எழுதின வரிதான் எப்பவும் ஜெயிக்கும்."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு கேட்டாள். "எழுதினா போயிருவாளா?"

"போகலாம். ஒன்று வேண்டும் என்று வந்துவிட்டால் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை."

"எனக்கு இன்னும் விசில் வரல மிஸ்" என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே அத்தை. அந்த நகரிலேயே அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்காமல், எத்தனை மார்க் என்று கேட்காமல், உதட்டைக் குவி என்று சொன்ன ஒரே ஆள். அவளை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று பன்னிரண்டு வயதுப் பெண் என் ஹாலில் உட்கார்ந்து யோசித்தாள். வெளியே கும்பிடுகள் குரூப்பில் ஏறிக்கொண்டிருந்தன.

முதலில் அப்பாவிடம் முறையாகத்தான் கேட்டாள், ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று. ரத்தினசாமி பதறிப்போய்ச் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள். தண்ணீர் லாரிக்குக்கூட அப்படிக் கூட்டம் வந்ததில்லை.

"அக்காவுக்கு ஆசைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா என்னாகும்? ரோசனை பண்ணுங்க" என்றார் தங்கமுத்து. "மொதல்ல ஞாயித்துக்கெழமை லீவும்பா."

"அப்புறம் இணைச்சீர்ச் சேலையத் திருப்பித் தரமாட்டா" என்றது இன்னொரு குரல்.

"சேலையோட நிக்குமா?" என்று ரத்தினசாமி எழுந்தார். "சட்டப்படி எனக்கு அக்கா. ஊரறிய நின்னிருக்கறா. நாளைக்குக் காட்டுல பங்கு வேணும்னு ஒரு வரி எழுதிப்போட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எல்லா மாப்பிள்ளைகளும் தாங்கள் கூடை கொடுத்து நிற்கவைத்த முகூர்த்தங்களை நினைத்துக்கொண்டார்கள். அத்தை அப்போது எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள், புண்ணான கையில் வர்ணிகா கட்டிவிட்ட கர்ச்சீப்போடு. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காபியில் சர்க்கரை தூக்கலாக இருப்பதாக மட்டும் ஒருவர் சொன்னார்.

"எல்லாம் இந்த மிஸ் பண்ணின வேலைங்க" என்றாள் பூங்கோதை. "அன்பு பண்போட நல்லாத்தான முடிஞ்சிருந்துச்சு கட்டுரை. ஓரத்துல செவப்பு மையில எழுதி, புள்ளைங்க மனசக் கெடுத்துப்போட்டாங்க."

கட்டுரை முற்றும் என்று போட்டு முடிந்துவிட்டது, லேமினேட்டும் ஆகிவிட்டது, இனி அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நின்றது. அந்த நேரத்துக்குக் கையெழுத்துப் பயிற்சி போட்டார்கள், எழுதிவைத்ததன் மேலேயே திரும்ப எழுதுகிற பயிற்சி. அதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

பரீட்சை லீவில் ஒரு நாள், ஆண்களெல்லாம் பண்ணைக்கும் ரிக் ஷெட்டுக்கும் போயிருந்த மத்தியானம், வர்ணிகா ஜாமெட்ரி பாக்ஸோடு என் கதவைத் தட்டினாள். சங்க அலுவலகத்துக்குப் பூட்டு உண்டு, சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். உள்ளே யாரும் வேலை செய்வதில்லை என்பதால் திருடவும் யாரும் வருவதில்லை. நான் நாற்காலியை நகர்த்திப் பிடித்தேன், அவள் ஏறிப் பூவை எடுத்துக் கீழே வைத்தாள். பேனா அந்தப் பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை, மை உருண்டு வழிந்தது. காம்பஸை எடுத்தாள். முற்றும் என்ற சொல்லுக்குக் கீழே, முள்ளால் அழுத்திக் கீறிக் கீறி எழுதினாள், ஒவ்வோர் எழுத்துக்கும் பிளாஸ்டிக் மெல்லிய சுருளாக எழும்பியது. பாதியில் கை வலித்து உதறிக்கொண்டாள்.

"என்ன வேணும்னு கண்டுபிடிச்சுட்டியா?" என்றேன்.

"பெருசா எல்லாம் இல்ல மிஸ்."

எழுதி முடித்துவிட்டு, பென்சில் தூளைக் கட்டைவிரலில் எடுத்து மேலே தேய்த்தாள். கீறல்கள் கறுத்து எழுந்தன.

சிந்தாமணி அத்தைக்கு ஒரு நாள் மத்தியானம் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும்.

பூங்கோதை வீட்டு அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அத்தை அப்போது கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். ஓடவில்லை, நடந்தாள், செருப்பின் சிவப்பு வாரும் நீல வாரும் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல், தெருவின் நடுவே. சங்கக் கூடத்து மேடையில், விரித்துக் கிடந்த ஜமுக்காளத்தின் மேல் சரிந்து படுத்து, குடையைத் தலைமாட்டில் வைத்து, கண்ணை மூடினாள். மூடியதும் அந்தப் புன்னகை முகத்திலிருந்து கழன்று விழுந்தது. அதற்கடியில் இருந்தது சாதாரண முகம், களைத்த முகம், வாய் லேசாகத் திறந்து கடைவாயில் எச்சில் மினுங்குகிற ஒரு பொம்பளையின் முகம். வர்ணிகா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முதல் தடவையாக அத்தையைப் பார்ப்பதுபோல.

அப்பளம் வராததால் பூங்கோதை பால்கனிக்கு வந்து யக்கோவ் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி திறந்தாள், வரவில்லை. பேச்சு வந்தது, திட்டு வந்தது, இருமல் வந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று எடுத்தால் மட்டும் குரல் தொண்டையிலேயே நின்றது. போன் அடித்தால் வெளிச்சம்தான் வந்தது. தண்ணீர் லாரி வந்தது, ஹாரனை அமுக்கியும் சத்தம் வராமல் டிரைவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமனார்கள் படுக்கையிலிருந்து மருமகள்களைக் கூப்பிட முடியாமல் தாங்களே எழுந்து உட்கார்ந்தார்கள், சிலருக்கு நடக்கவும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஆண்கள் காரை விட்டு இறங்கியதும் வழக்கம்போலப் பெண்டாட்டி பேரைச் சொல்லித் தண்ணி கேட்க வாயைத் திறந்தார்கள், திறந்த வாயை மூடிக்கொண்டார்கள்.

அத்தை தூங்கி முடிக்கும் வரை அந்த மத்தியானமும் நகரவில்லை. ஒரு மத்தியானம் என்றுதானே எழுதியிருந்தது, அது எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. வெளியே நெடுஞ்சாலையில் பொழுது இறங்கி, விளக்கெரிந்து, மறுபடி விடிந்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன, எவர்கிரீன் எலைட் நகருக்குள் மட்டும் அதே வெயில். சும்மா இருந்தால் ஏதாவது தீர்மானம் போடுவோம் என்று ரத்தினசாமி கூட்டம் கூட்டப் பார்த்தார், கூட்டத்துக்கு யாரையும் கூப்பிட முடியவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் கைபிசைந்து நின்றார்கள். பிறகு, கூப்பிட ஆளில்லாத வீட்டில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல், ஒருத்தி கட்டிலில் சாய்ந்தாள். அடுத்தவள் தரையிலேயே படுத்தாள். கடைசியில் பூங்கோதையும் சோபாவில் கைடை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனாள், தூக்கத்தில் அவள் முகத்திலும் அன்பு பண்பு எதுவும் இல்லை, பார்க்க நன்றாகவே இருந்தாள்.

அத்தை விழித்தபோது மேடையைச் சுற்றி ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். ரத்தினசாமி பாக்கெட்டில் வக்கீல் நம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காடு கேட்பாளா, சேலை கேட்பாளா என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"ஒரு டீ வேணும்" என்றாள் அத்தை. "சர்க்கரை கம்மியா."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவுதானா என்ற நிம்மதி முதலில் வந்தது. யார் போடுவது என்ற கலவரம் அதற்குப் பின்னால் வந்தது. அத்தை விழித்த பின்னும் கூப்பிடுகிற குரல் மட்டும் திரும்பி வரவில்லை, டீ போடு என்று கூப்பிட்டுச் சொல்ல வாய் வராது, தூங்குகிற பெண்டாட்டியைத் தொட்டு எழுப்ப அன்றைக்கு ஏனோ ஒருவருக்கும் தைரியமில்லை. காட்டைக் கேட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், டீக்கு எங்கே போவது? செயலாளர் என்ற முறையில் ரத்தினசாமி வீட்டுக்கு நடந்து, தன் சொந்த அடுக்களைக்குள் முதல் முறையாக நுழைந்து, அலமாரியில் இருந்த டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தார். கடுகு இருந்தது. வெந்தயம் இருந்தது. டீத்தூள் எதில் இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தார்.

அத்தை நியாயமான நேரம் காத்திருந்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வர்ணிகாவைப் பார்த்தாள்.

"பேக்கரிக்கு வர்றயா? உனக்குத் தேங்காப் பன்னு."

இருவரும் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை பேக்கரிக்குப் போனார்கள், வாட்ச்மேன் அந்தக் கலெக்டர் சட்டையில் எழுந்து நின்று வழிவிட்டான். அத்தை இரண்டு டீ குடித்தாள், இரண்டாவதை வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். வர்ணிகாவின் வாயில் பன் இருந்ததால் அதிகம் பேசவில்லை. பஸ் வந்தது. "அடுத்தது எங்க போறே?" என்று வர்ணிகா கேட்டாள். "தெரியல கண்ணு, இனிமேத்தான் யோசிக்கோணும்" என்று சொல்லி, அத்தை குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறி, ஜன்னலோரம் இடம் வேண்டும் என்று ஒருவரை நகரச் சொன்னாள்.

பஸ் வளைவில் திரும்புகிற நேரத்தில் வர்ணிகா உதட்டைக் குவித்தாள், நாக்கை மடக்கினாள், ஊதினாள். முதலில் காற்று. அப்புறம் அது வந்தது.

இப்போதும் எவர்கிரீன் எலைட் நகருக்குள் போனால் அந்த விசிலைக் கேட்கலாம், வெயிலில் நனைந்த குடையோடு ஒரு பெண் தெருத் தெருவாக அடித்துக்கொண்டு போவாள். பொம்பளப் புள்ளைக்கு என்ன விசிலு என்று கூப்பிட்டுக் கண்டிக்கப் பால்கனிகளில் வாய்கள் திறக்கும், மூடும். ரத்தினசாமி வீட்டு அடுக்களை ஜன்னல் திறந்துதான் இருக்கும். எட்டிப் பார்த்தால் தெரியும், அடுத்த டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறார்.